மூன்று வருஷக் கணக்கு

வட்டிக்கடை வைப்பதற்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறி இரங்கூனுக்கும் பினாங்குக்கும் மேடானுக்கும் சென்ற நம் முன்னோர், அந்தப் பயணத்தைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்று சொன்னார்கள். கொண்டுபோய் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்புகிறவன் என்ற நினைவு அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. திரும்பாமற் போகிறவனுக்கு அத்தொழிலில் பெயரே கிடையாது. அப்படிப் பெயரற்றுப் போனவர்களைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்து உயிரோடு உலவவிட்டவர், சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம் அவர்கள். அவருடைய இரு நாவல்களின் வேதனையை முழுமையாக உணர வேண்டுமானால், அவை எந்தத் தொழிலின் வயிற்றிலிருந்து பிறந்தனவோ அத்தொழிலின் சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம்.

பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் 1786-இல் பினாங்குத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை நாட்டிய பிறகு, சோழமண்டலக் கரையிலிருந்து அங்கே போய் நிலைத்த தமிழர்களுள் முற்பட்டவர்கள் சூலியர் என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் வணிகர்கள். அவர்களிற் பலர் மலாய்ப் பெண்களை மணந்து குடும்பம் கண்டார்கள். அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் ‘ஜாவி பெரானாக்கான்’ என்று ஒரு தனிச் சமூகமாகவே வளர்ந்து, அதே பெயரில் 1876-இல் சிங்கப்பூரில் மலாய் மொழியின் முதற் பத்திரிகையையும் தொடங்கினார்கள். வந்தவன் சொந்தக்காரன் ஆகிவிடுவது ஒரு வழி.

வட்டித் தொழில் செய்த நகரத்தார் கண்ட வழி வேறு. அவர்கள் 1857-லேயே பினாங்கில் தண்ணீர்மலையானாகிய முருகனுக்குக் கோயில் கட்டினார்கள். ஆனால் தமக்கென்று வீடு கட்டிக் குடியேற நினைக்கவில்லை. கடை முதலாளி ஊரிலிருக்க, அக்கரையில் கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன், பிறகு சமையலாள் என்று படிப்படியாக அமைந்த அந்த ஸ்தாபனத்தில், ஒவ்வொருவருக்கும் மூன்று வருஷமே கணக்கு. புறப்படும்போதே சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்தின் கைக்கு வந்துவிடும். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். கணக்கு முடிந்ததும் ஐந்தொகை எடுத்துப் புதிய ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். பல கடைகள் வரிசையாக அமர்ந்த நீண்ட கூடமாகிய கிட்டங்கியில், பகலெல்லாம் எந்தப் பெட்டியடியில் அமர்ந்து பேரேடு எழுதினார்களோ அதற்கருகிலேயே இரவில் பாயை விரித்துப் படுத்தார்கள். சுருங்கச் சொன்னால், மனிதன் அந்நிய மண்ணில் வேரூன்றிவிடாதபடி மிகுந்த முன்யோசனையோடு வகுக்கப்பட்ட ஏற்பாடு அது.

ஆயினும், மனித சுபாவம் ஏற்பாட்டுக்கு முற்றும் கட்டுப்பட்டு நிற்பதில்லை. சீன வர்த்தகனுக்கும் மலாய்க் குடியானவனுக்கும் கடன் கொடுத்து வாங்குகிறவன் அவர்களுடைய பேச்சைக் கற்காமல் இருக்க முடியாது; கற்ற பேச்சு நாளடைவில் அவனுடைய தமிழுக்குள்ளேயே குடிபுகுந்துவிடும். சீன முதலாளி ‘தவுக்கே’ ஆனார். சரக்குப் படகு ‘தொங்கான்’ ஆயிற்று. கிராமம் ‘கம்பம்’ ஆயிற்று. தைப்பூசத்தன்று பினாங்குத் தெருக்களில் முருகனின் வெள்ளி ரதம் வரும்போது சீனர்களும் தேங்காய்களைக் குவியல் குவியலாக உடைத்துப் பிரார்த்தனை செலுத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இந்தக் கலப்புக்கு எந்தப் பேரேட்டிலும் பற்று வரவு எழுதப்படவில்லை.

அந்த மூன்று வருஷக் கணக்கை முறித்தது யுத்தம். 1941 டிசம்பர் 11-ஆம் தேதி பினாங்கின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஒரு வாரத்திற்குள் ஆங்கில அதிகாரிகள் ஐரோப்பியர்களை இரவோடிரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, நகரத்தையும் அதன் ஆசிய மக்களையும் விதியின் கையில் விட்டுச் சென்றார்கள். 1942 மார்ச்சில் சுமத்ராவின் மேடான் நகரமும் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. கணக்கு முடிந்தவனும் ஊர் திரும்ப வழியின்றித் தங்கினான். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்துக்கு அறைகூவல் விடுத்தபோது, வட்டி கணக்கிட்ட விரல்கள் சில துப்பாக்கியைப் பற்றின.

இந்த இடத்திலிருந்துதான் சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ தன் கேள்வியை எழுப்புகிறது. பினாங்கு வட்டிக்கடையின் அடுத்தாளாகிய செல்லையா பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வருகிறான். அவனிடத்தில் அன்பு வைத்த மரகதமோ முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள். துப்பாக்கி தூக்கியவன் இனிப் பெட்டியடிக்கு உதவமாட்டான் என்பது முதலாளியின் முடிவு. அவர் கொடியவர் அல்லர்; தொழிலின் தர்மத்தில் அசையாத நம்பிக்கை கொண்டவர், அவ்வளவே. எந்த மண்ணில் பிழைக்க வந்தானோ அந்த மண்ணின் யுத்தம் செல்லையாவை வேறு மனிதனாக்கிவிட்டது. அந்த வேறு மனிதனுக்குப் பழைய கணக்கில் இடமில்லை. அயல்நாட்டில் அந்நியனாவது யாவரும் அறிந்த துக்கம். தன்னவர் நடுவிலேயே அந்நியனாகிவிடுகிற துக்கத்தை இந்த நாவல் காட்டிற்று.

‘புயலிலே ஒரு தோணி’ இதனினும் விரிந்த பரப்புடையது. ஜப்பானியர் நுழையும் மேடானில் தொடங்கி, தொங்கானில் கடல் கடந்து பினாங்குக்கு வரும் பாண்டியன், சொந்த ஊர்ச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் நினைவில் சுமந்தவாறே, அயலூரின் மதுக்கடையில் நண்பர்களோடு அமர்ந்து தமிழரின் பழம்பெருமையையும் தமிழிலக்கியத்தையும் தயவு தாட்சண்யமின்றி விசாரணை செய்கிறான். ஊரிலேயே இருந்திருந்தால் அத்தகைய விசாரணை அவனுக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. விலகி நின்றதால் கிடைத்த பார்வை அது. பிறகு அவன் டச்சுக்காரரை எதிர்த்த இந்தோனேசியரின் விடுதலைப் போரில் சேர்ந்து, அந்த மண்ணிலேயே உயிர்விடுகிறான். தமிழனாகப் பிறந்து, இந்தியாவின் விடுதலைக்காக மலேயாவில் படையில் சேர்ந்து, இந்தோனேசியாவின் விடுதலைக்காக மடிகிற ஒருவனை எந்த நாட்டான் என்று நாம் சொல்வது?

இக்கேள்வி ஏட்டுக் கல்வியால் எழுந்ததன்று. சிங்காரம் 1938-இல், பதினெட்டு வயதில், மேடானில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர். அங்கேயே மணம் செய்துகொண்டு, பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தவர். 1946-இல் தாயகம் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’ பத்திரிகையில் நாற்பது வருஷம் பணிபுரிந்து, தனியாகவே வாழ்ந்தவர். ‘கடலுக்கு அப்பால்’ 1950-இல் எழுதப்பட்டு 1959-இல் நூலாயிற்று. 1962-இல் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல்தான் அச்சேறியது. அதன் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. 1997 டிசம்பரில் காலமானார்.

கிட்டங்கிகளின் பேரேடுகள் எவ்வளவு பணம் போயிற்று, எவ்வளவு வந்தது என்பதைச் சொல்லும். போன மனிதன் யாராகத் திரும்பினான் என்பதை இந்த இரண்டு நாவல்களே சொல்லுகின்றன. அக்கரைச் சீமையில் பிழைத்த பாட்டனார்களின் கடிதங்களும் கணக்குகளும் இன்னும் நம் ஊர் வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைப் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த நாவல்களைப் படித்துவிட்டு, அவற்றை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.