வளர்ச்சி உதவியும் இனப்பிணக்கும்: இலங்கை

பிளவுபட்ட நாட்டில் வெளிநாட்டு நிதி எந்தப் பக்கமும் சாராமல் வந்து இறங்குவதில்லை என்பதற்கு இலங்கை தெளிவான சான்று. 1977-க்குப் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தில் விக்டோரியா அணைக்குப் பிரிட்டனும் கொத்மலைக்குச் சுவீடனும் ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனியும் மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் நிதி தந்தன. கொடையாளர் கணக்கில் அது நீர்ப்பாசனமும் மின்சாரமும்தான். வடகிழக்குத் தமிழருக்கோ திட்டத்தின் பெயரால் வந்த குடியேற்றமே பிரச்சினை. 1984-இல் தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட மணலாறு, வெலிஓயா என்ற பெயரில் சிங்களக் குடியேற்றமாகி, மகாவலியின் 'எல்' வலயமானது. இத்தனைக்கும் மகாவலி நீர் அங்கே எட்டவில்லை.

அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் உதவியே சமாதானத்துக்கான தூண்டிலாக்கப்பட்டது. 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த கொடையாளர் கூட்டத்துக்கு, அமெரிக்கத் தடையால், விடுதலைப் புலிகள் அழைக்கப்படவில்லை; அவர்கள் பேச்சிலிருந்து விலகினர். ஜூனில் டோக்கியோ மாநாடு அவர்கள் இல்லாமலேயே 450 கோடி டாலர் வாக்களித்தது. அந்த உதவியைச் சமாதான முன்னேற்றத்தோடு பிணைத்த நிபந்தனை இரு தரப்பையும் அசைக்கவில்லை. அரசியல் தீர்வைப் பணத்தால் முந்திவிடலாம் என்ற கணிப்பே தவறு.

2004 டிசம்பர் 26 சுனாமி நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து பகிர, 2005 ஜூன் 24-இல் பொதுக்கட்டமைப்பு உடன்பாடு கையெழுத்தானது. அதை எதிர்த்து, கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அதற்குள் அரசிலிருந்து வெளியேறியிருந்தது. உடன்பாட்டின் பிராந்திய நிதியம் உள்ளிட்ட முக்கியப் பிரிவுகளுக்கு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உடன்பாடு நடைமுறைக்கு வரவேயில்லை.