ஒரு சிறு கோடும் அது கிளப்பிய கூச்சலும்

மென்பொருளில் ஒரு கட்டளையை மாற்றுவது சின்ன வேலைதான். சில வரிகளைத் திருத்தினால் போதும். ஆனால் அந்தக் கட்டளையை எத்தனை பேர் தங்கள் ஸ்கிரிப்டுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சில வரிகளில் தெரியாது. கிட் மென்பொருளின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம்.

லினக்ஸ் கெர்னலின் நிரல்களைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை உருவாக்கினார். அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் வந்தது. யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால், மற்றவர்கள் அதை மின்னஞ்சலிலேயே அலசுவார்கள். அதன் பிறகே அது சேர்க்கப்படும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி புரோகிராம் இருந்தது. 'கிட்-கமிட்', 'கிட்-புஷ்' என்று நடுவில் கோடு போட்ட பெயர்கள், நூற்றுக்கும் மேல். கோட்டை விட்டுவிட்டு 'கிட் கமிட்' என்று இடைவெளியோடு எழுதுங்கள் என 2006லிருந்தே சொல்லி வந்தார்கள். 2008 பிப்ரவரியில் வந்த 1.5.4 பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும் முறைப்படி அறிவித்தார்கள்.

2008 ஆகஸ்டில் 1.6.0 வந்தது. கோடு போட்ட புரோகிராம்களில் பெரும்பாலானவை வேறு டைரக்டரிக்குப் போயின. நேற்று வரை ஓடிய ஸ்கிரிப்டுகள் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று நின்றுவிட்டன. புகார்கள் குவிந்தன. அறிவிப்பு இருந்தது உண்மைதான். ஆனால் வெளியீட்டுக் குறிப்பை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

அடுத்த பெரிய மாற்றத்தில் வேறு வழி பிடித்தார்கள். அப்போது வெறுமனே 'கிட் புஷ்' என்று அடித்தால், இரு பக்கமும் ஒரே பெயரில் இருக்கும் எல்லாக் கிளைகளும் சர்வருக்குப் போய்விடும். அரைகுறை வேலையும் சேர்ந்தே போகும். இப்போது வேலை செய்யும் கிளை மட்டும் போனால் போதும் என்பது புதிய யோசனை. 2012ல் முதலில் அதை விரும்பியவர்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் அமைப்பாகத் தந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 1.8.0 முதல், எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு கட்டளை அடிக்கும்போதே திரையில் எச்சரிக்கை வந்தது. பழைய முறையே வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. 2014 மே மாதம் வந்த 2.0 பதிப்பில்தான் அது எல்லோருக்குமான வழக்கமானது.

அந்த எச்சரிக்கை பலருக்கு எரிச்சலூட்டியிருக்கும். ஆனாலும் முன்னறிவிப்பே இல்லாமல் ஸ்கிரிப்ட் நின்றுபோவதற்கு அது எவ்வளவோ மேல். ஒரு திருத்தத்தைப் பரிசீலிப்பவர் நிரல் சரியா என்று மட்டும் பார்த்தால் போதாது. இதனால் யாருடைய வேலை நிற்கும், அவருக்கு அது முன்கூட்டியே எங்கே தெரியவரும் என்றும் கேட்க வேண்டும்.