ஆயாவின் சுருக்குப்பை - ஓர் அவசரப் பையின் கதை



நான் பி.காம். மாணவன். வழக்கமாக வட்டி, வரி, பங்குச்சந்தை என்று எதையாவது எழுதி உங்களைத் தூங்க வைப்பேன். இந்த முறை ஒரு மாறுதலுக்கு வரலாறு. (பயப்படாதீர்கள், கடைசியில் பணத்தில்தான் வந்து நிற்கும்.)

போன மாதம் கல்லூரி நண்பன் ஒருவன் ஒரு சின்னப் பையைக் காட்டினான். உள்ளே டார்ச், விசில், கத்தி, பிளாஸ்டர், பவர் பேங்க். "நகரத்துல எப்ப என்ன ஆகும்னு தெரியாது மச்சி, எப்பவும் கூடவே இருக்கணும்" என்றான். இணையத்தில் வாங்கினானாம், விலை 1800 ரூபாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இதே சாமான் அறுபது வருடமாக இருக்கிறது. எங்கள் ஆயாவின் இடுப்பில்!

சுருக்குப்பையைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். இரண்டு பக்கமும் கயிறு, இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். உள்ளே இரண்டு மூன்று அறைகள். வெற்றிலை, பாக்கு, சில்லறை, ஊக்கு, ஒரு துண்டு சுக்கு, மஞ்சள் தைலம். எங்கள் ஆயா வெற்றிலையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது, அந்த அறையில் இப்போது பிரஷர் மாத்திரை இருக்கிறது.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். எங்கள் வீடு அம்பத்தூரில், எஸ்டேட்டுக்குப் பின்பக்கம். முதல்நாள் ராத்திரி ஆரம்பித்த மழை விடவேயில்லை. காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர், மதியத்தில் வீட்டுக்குள். மின்சாரம் போய்விட்டது, சாயங்காலம் செல்போன் டவரும் போய்விட்டது. அடுத்த நாள் ஆயாவுக்கு சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து மெயின் ரோடு வரை போனேன். ஒரு மருந்துக்கடை பாதி ஷட்டர் திறந்திருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "தம்பி, கேஷ் மட்டும்தான்" என்றார். என் பர்ஸில் இருந்தது 30 ரூபாய். வங்கிக் கணக்கில் இருந்த பணம்? போன் உயிரோடு இருந்தால்தானே அது பணம்! கடைக்காரர்மேல் தப்பு சொல்ல முடியாது, அவருக்கும் நெட் இல்லை. திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் ஆயா ஒன்றும் பேசாமல் சுருக்குப்பையைத் திறந்து, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தார்.

எல்லாம் நூறு. ஐந்நூறு ஒன்றுகூட இல்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. இந்த ஊர்க்காரர்கள் அவசரத்துக்கு ஓடும்போதெல்லாம் கையில் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்?

முதல் ஓட்டம் 1914. செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில், எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கேப்டன் கார்ல் வான் முல்லர். சுமார் அரை மணி நேரம் குண்டு வீச்சு. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. உயிர்ச்சேதம் குறைவு, ஆனால் பயம் அதிகம். பல ஆயிரம் பேர் கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஊரைக் காலி செய்தார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை ஒழித்துவிட்டது. ஆனால் நம் வாயிலிருந்து ஒழிக்க முடியவில்லை. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே!

அந்த நாளில் மெட்ராஸ்காரர்கள் காகிதத்தை எவ்வளவு நம்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எட்டு வருடம் முன்புதான், 1906 அக்டோபரில், ஆர்பத்நாட் வங்கி திவாலாகி ஊரில் பாதிப்பேர் சேமிப்பை இழந்திருந்தார்கள். (அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 1907ல் இந்தியன் வங்கி. பேங்கிங் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வி!) ஓடும்போது மடியில் நகையைத்தான் முடிந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இரண்டாவது ஓட்டம்தான் பெரியது. 1942. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கமே சொன்னது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் போயின. உயிரியல் பூங்காவில் இருந்த ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்ற பயம். கடைசியில் மெட்ராஸில் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில்தான், அதுவும் ஒற்றை விமானம் போட்ட சில குண்டுகள்.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. ஆயாவின் அம்மா அப்போது ஜார்ஜ் டவுனில் புதுமணப்பெண். மாட்டு வண்டியில் பூந்தமல்லி வழியாகத் திருவள்ளூர் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்களாம். வண்டியில் அரிசி மூட்டை, அம்மிக்குழவி (குழவி மட்டும், அம்மியை விட்டுவிட்டார்கள்!), இடுப்பில் சுருக்குப்பை. போன இடத்தில் குழவியை வைத்துக்கொண்டு என்ன அரைத்தார்கள் என்று கேட்டால் ஆயா சிரிப்பார். பதற்றத்தில் மனிதன் எடுக்கும் பொருளுக்குக் கணக்கே கிடையாது. முன்கூட்டியே பை கட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான் போலும்.

மெட்ராஸ்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பர்மாவில் இருந்த தமிழர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக மணிப்பூருக்கும் அரக்கான் கரைக்கும் நடந்தார்கள். இந்தியர்கள் மட்டும் பல லட்சம் பேர். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பல ஆயிரம். பிழைத்தவர்களுக்கும் இன்னொரு அடி காத்திருந்தது. போர் முடிந்து திரும்பிப் போனவர்களை 1960களில் பர்மிய அரசு மறுபடி வெளியேற வைத்தது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேர்த்த பணம் ஒரே நாளில் காகிதம். அப்படி வந்தவர்களில் பலர் வியாசர்பாடியில் குடியேறினார்கள், 1969ல் பாரிமுனையில் பர்மா பஜார் வந்தது. நாம் அத்தோ சாப்பிடும்போது இதெல்லாம் ஞாபகம் வருவதில்லை.

மலாயாத் தமிழர்களுக்கும் இதே கதைதான். ஜப்பானியர் அச்சடித்த பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருக்கும், வாழைமர நோட்டு என்றே பெயர். 1945ல் ஜப்பான் சரணடைந்ததும் பெட்டி பெட்டியாக வைத்திருந்தவர்களிடம் இருந்தது வெறும் படம்.

சரி, பையில் இருக்கும் மற்ற சாமான்களுக்கு வருவோம்.

முதலுதவிப் பெட்டி என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன், 1888ல். ரயில் பாதை போடும் தொழிலாளர்களுக்காக! மருத்துவரிடம் போகப் பல மைல், அதற்குள் ரத்தம் போய்விடும். அதே கம்பெனி ஊழியர் எர்ல் டிக்சன் 1920ல் பேண்ட் எய்டைக் கண்டுபிடித்தார். அவர் மனைவி சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வாராம். ஊக்கு இன்னும் சுவாரசியம். வால்டர் ஹன்ட் என்பவர் 15 டாலர் கடனை அடைப்பதற்காக 1849ல் ஒரு கம்பியை வளைத்து வளைத்து இதைச் செய்தார். காப்புரிமையை 400 டாலருக்கு விற்றார். வாங்கியவர்கள் சம்பாதித்தது எவ்வளவோ! (அறிவுசார் சொத்துரிமைப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?)

ஆயாவின் மஞ்சள் தைலம் அமிர்தாஞ்சன். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893ல் பம்பாயில் ஆரம்பித்தது, பிறகு மெட்ராஸுக்கு வந்தது. ஆயாவைப் பொறுத்தவரை தலைவலி, சளி, கால்வலி, கொசுக்கடி, மனக்கவலை எல்லாவற்றுக்கும் அதுதான் :-)

எங்கள் பக்கத்துக்கு இந்தப் பெட்டி வந்தது தொழிற்சாலை வழியாக. 1948ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், 45ஆம் பிரிவு: 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி குறையாமல் இருக்க வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், 500 பேருக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது. அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி, 1960களில் எஸ்டேட், ஆவடியில் டாங்க் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தபோது சிவப்புச் சிலுவை போட்ட பெட்டியும் சுவரில் ஏறியது. என் தாத்தா எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். அந்தப் பெட்டியில் எப்போதும் இருந்தது டிங்சர் பாட்டிலும் பூட்டும்தான் என்பார். சாவி சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் டீக்கடையில்!

(இடையில் ஒன்று: ஆவடி என்பது ராணுவ வண்டிகளையும் கிடங்கையும் குறிக்கும் ஆங்கில வார்த்தைகளின் சுருக்கம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, நம்பாதீர்கள். டாங்க் தொழிற்சாலை வந்தது 1960களில். காங்கிரஸ் மாநாடு 1955 ஜனவரியிலேயே ஆவடியில், ஆவடி என்ற பெயரில்தான் நடந்தது.)

இன்னொரு பொருள், அதிகம் கவனிக்கப்படாதது: ஓ.ஆர்.எஸ். பொடி. 1971 வங்கதேசப் போர். போங்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சோடாவையும் கலந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். சாவு எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. இன்று ஒரு பாக்கெட் 20 கிராம் சொச்சம், ஒரு லிட்டர் தண்ணீர். வெள்ளத்துக்குப் பிறகு வருவது வயிற்றுப்போக்கு என்பதால் என் பையில் நான்கு பாக்கெட். (இனிப்பு பானம் அல்ல, பொடி!)

பை கட்டுவதை வழக்கமாகவே ஆக்கியவர்கள் ஜப்பானியர். 1923 செப்டம்பர் 1 காண்டோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். 1960லிருந்து அந்தத் தேதியைப் பேரிடர் தடுப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் வாசல் பக்கம் அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பை இருக்கும். நமக்கு அப்படி ஒரு நாள் வைப்பதென்றால் டிசம்பர் 1 சரியாக இருக்கும்.

2015. எனக்கு அப்போது பதினொரு வயது. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. டிசம்பர் 1 ராத்திரி வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றின் இரு கரையும் மூழ்கியது. 1878ல் ஆரம்பித்த இந்து நாளிதழ் முதல்முறையாக மறுநாள் அச்சாகவில்லை, ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக வழியில்லை. ஏ.டி.எம். எல்லாம் செத்துக் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு மக்கள் அழுதது டிவிக்கும் பிரிட்ஜுக்கும் அல்ல, ரேஷன் கார்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் பட்டாவுக்கும். தொலைந்த ஆவணங்களுக்கு அரசு சிறப்பு முகாம் போட வேண்டி வந்தது. எங்கள் அப்பா அந்த வாரமே எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்தார்.

அடுத்த வருடம் அந்த ஜெராக்ஸ் ஒன்றுக்கும் உதவவில்லை. ஏனென்றால் வந்தது வேறு விதமான அவசரம். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம். ஆயா அழுதுகொண்டே சுருக்குப்பையைக் கொட்டினார், ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். யாருக்கும் தெரியாமல் மடித்து மடித்து வைத்திருந்தவை. வங்கி வரிசையில் அப்பா அரைநாள் நின்று கட்டினார். வீட்டில் சில்லறை இல்லாமல் திண்டாடிக்கொண்டிருக்கும்போதே டிசம்பர் 12 அன்று வர்தா புயல். மரங்கள் சாய்ந்து, கரண்ட் போய், கார்டு தேய்க்கும் மெஷினும் போயிற்று. பணமும் இல்லை, பணத்துக்குப் பதில் இருந்ததும் இல்லை. வர்தாவையும் பணமதிப்பு நீக்கத்தையும் தனித்தனியாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஒரு வாரம் எங்கள் தெருவில் இரண்டும் ஒன்றுதான். பால்காரரும் மளிகைக்கடை அண்ணாச்சியும் நோட்டில் எழுதிக்கொண்டு கடன் கொடுத்ததால்தான் சாப்பிட்டோம்.

ஆயா அன்று எடுத்த முடிவு: இனிமேல் நூறுக்கு மேல் பெரிய நோட்டு சுருக்குப்பையில் ஏறாது. ஏழு வருடம் கழித்து அதுதான் மாத்திரை வாங்கித் தந்தது. மிக்ஜாம் நிவாரணம் 6000 ரூபாயை அரசாங்கமே ரேஷன் கடையில் ரொக்கமாகத்தான் கொடுத்தது என்பதையும் கவனியுங்கள்.

இப்போது நானும் ஒரு பை கட்டியிருக்கிறேன். டிபன் பாக்ஸ் அளவு. சின்ன டார்ச், பவர் பேங்க், விசில், பிளாஸ்டர், ஊக்கு, ஓ.ஆர்.எஸ்., ஆயாவின் மாத்திரை ஐந்து நாளுக்கு, மருந்துச் சீட்டின் நகல், பத்து போன் நம்பர் எழுதிய காகிதம் (எனக்கு அம்மா நம்பர்கூட மனப்பாடம் இல்லை, வெட்கம்தான்), ஐம்பதும் நூறுமாக ஆயிரம் ரூபாய். நம்பர் எழுதியதைத் தவிர புதிதாக எதையும் நான் யோசிக்கவில்லை. மொத்தச் செலவு, ரொக்கத்தையும் வீட்டில் ஏற்கெனவே இருந்த பவர் பேங்கையும் சேர்க்காமல், 400 ரூபாய்க்குள்.

பெருமையாக ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார். டார்ச்சை இரண்டு தடவை அமுக்கினார். விசிலை ஊதியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, "ஏன்டா, உப்புப் பொடி நாலு வெச்சிருக்க. கரைக்கத் தண்ணி எங்க?" என்றார்.

ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே திணித்துப் பார்த்தேன். ஜிப் மூடவில்லை.