பெரும்பாக்கமும் வரைபடத் தாளும்

நீர்வண்ணம் தீட்டும்போது காகிதம் நெளிந்து போவதைப் பள்ளி மாணவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஓவியருக்கு அது சிறு இடைஞ்சல்தான். ஆனால் நிலப்படம் வரைபவருக்கு அது பெரிய தலைவலி. தாள் விரிந்தால் படத்தில் உள்ள தூரமும் விரிந்துவிடும். இந்திய நில அளவையின் வரலாற்றில் இடம்பெற்ற பெரும்பாக்கத்தை வைத்தே இதை விளக்கலாம்.

1802-ல் நடந்த அளவு

வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1802 ஏப்ரலில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் வடமுனை பரங்கிமலை, தென்முனை பெரும்பாக்கம் குன்று. நீளம் சுமார் 7.5 மைல், அதாவது 12.1 கிலோமீட்டர். பின்னாளில் இமயம் வரை சென்ற முக்கோண நில அளவைக்கு இதுவே தொடக்கம்.

அளக்கப் பயன்பட்டது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானி வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள். ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் ஏறினால் அந்தச் சங்கிலி ஏறக்குறைய 0.0075 அங்குலம்தான் நீளும். அதைக்கூட விடாமல் கணக்கில் சேர்த்தார்கள்.

வண்ணமும் தாளும்

அக்காலத்தில் நிலப்படங்களைக் கையால்தான் வரைந்தார்கள். மையால் கோடு போட்ட பிறகு ஆறு, ஏரி, மலை, எல்லை ஆகியவற்றுக்கு நீர்வண்ணம் பூசுவது வழக்கம். இத்தகைய வேலைக்கு ஆட்களைப் பழக்க, மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. எட்டு மாணவர்களுடன் தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது.

வண்ணம் பூச எல்லாத் தாளும் உதவாது. அன்றைய நல்ல தாள் பருத்தி, லினன் கந்தல் துணிகளை ஊறவைத்து இடித்த கூழில் செய்யப்பட்டது. பழைய தாள்களில் கம்பி அச்சின் வரிகள் தெரியும். 1757 வாக்கில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் வரிகள் இல்லாத வழவழப்பான தாளைச் செய்தார். ஓவியர்களும் படம் வரைவோரும் அதை விரும்பி வாங்கினார்கள். தாள் நீரை உடனே உறிஞ்சாமல் இருக்க, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் அதைத் தோய்ப்பார்கள். சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் இந்தப் பசையில் பூஞ்சை பிடிக்கும். அப்படிக் கெட்ட இடத்தில் வண்ணம் மைஒற்றுத் தாளில் பட்டதுபோல ஊறிவிடும்.

தாளை இழுத்துக் கட்டும் முறை

நீர் பட்டால் தாளில் உள்ள நார்கள் பருக்கின்றன. நனைந்த இடம் விரிய, நனையாத இடம் அப்படியே இருப்பதால்தான் தாள் நெளிகிறது. இதற்கு எளிய வழி முழுத் தாளையும் முதலிலேயே நனைத்துவிடுவது. நன்றாக விரிந்ததும் பலகையில் பரப்பி நான்கு ஓரங்களையும் பசையால் ஒட்டவேண்டும். காயும்போது தாள் சுருங்கப் பார்க்கும், ஓரங்கள் விடாது. அதனால் பறைத்தோல்போல விறைப்பாகிவிடும். பிறகு எவ்வளவு வண்ணம் பூசினாலும் காய்ந்ததும் சமமாகவே நிற்கும். வேலை முடிந்ததும் ஓரத்தை வெட்டி எடுக்கலாம். இன்று பசைநாடா வந்துவிட்டது; முறை பழையதுதான்.

ஓவியருக்கு இத்துடன் பிரச்சினை தீர்ந்தது. படம் வரைபவருக்குத் தீரவில்லை. ஓரத்தை வெட்டியவுடன் இழுபட்டு நின்ற தாள் சற்றே சுருங்கும். மழைக்காலத்தில் விரியும், கோடையில் மறுபடி சுருங்கும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு தாள் நூற்றில் ஒரு பங்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். பரங்கிமலை – பெரும்பாக்கம் தூரத்தில் அது 121 மீட்டர் பிழை. எஃகுச் சங்கிலியோ 20 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் ஏறினாலும் அதே தூரத்தில் ஒன்றரை மீட்டர்தான் பிழை தரும். களத்தில் அத்தனை பாடுபட்டு அளந்ததை ஒரு தாள் கெடுத்துவிடக்கூடும்!

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அளந்த கோணங்களையும் தூரங்களையும் எண்களாகவே ஏட்டில் எழுதி வைப்பது. எண்கள் ஈரத்தில் விரிவதில்லை. மற்றொன்று, படம் உள்ள அதே தாளிலேயே அளவுகோலையும் வரைந்துவிடுவது. தாள் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கினால் அளவுகோலும் கூடவே சுருங்கும். கணக்கு பெரிதாகத் தவறாது.

இன்றும் நல்ல நிலப்படங்களில் ஓர் ஓரத்தில் அந்தச் சிறு அளவுகோல் இருக்கிறது. ‘ஓர் அங்குலம் ஒரு மைல்’ என்ற வாசகம் படத்தை நகலெடுத்துப் பெரிதாக்கினால் பொய்யாகிவிடும். வரைந்த அளவுகோலோ படத்தோடு சேர்ந்து பெரிதாகி, அப்போதும் சரியான தூரத்தையே காட்டும்.