திருத்தைலமும் தலைவலித் தைலமும்

தலைவலிக்கு நாம் தடவும் ‘பாம்’ என்னும் சொல், ‘பல்சாம்’ என்ற நறுமண மரப்பிசினின் பெயரிலிருந்து பிறந்தது. அப்பிசினை ஒலிவ எண்ணெயில் கலந்தே புனித வாரத்தில் ஆயர் கிறிஸ்மா தைலத்தை அர்ச்சிக்கிறார். 1571-இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் அமெரிக்கப் பல்சாமுக்கும் இசைவளித்தார்.

நோயாளர் எண்ணெயில் பிசின் சேர்வதில்லை. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் பிற தாவர எண்ணெயும் ஆகலாம் என 1972-இல் ஆறாம் சின்னப்பர் அனுமதித்தார். நம் முன்னோர் ‘அவஸ்தைபூசுதல்’ என அஞ்சிய அருட்சாதனத்திற்கு ‘நோயில்பூசுதல்’ என்பதே பொருத்தமான பெயரென 1963-இல் வத்திக்கான் சங்கம் உரைத்தது.

1893-இல் பம்பாயில் பிறந்த அமிர்தாஞ்சனம் அவனியாபுரத்து வீடுகளில் தாராளமாக மணக்கிறது. குருவானவரை அழைக்க மட்டும் ஏன் தயக்கம்? மூச்சடங்கும்வரை காத்திராமல், நோயாளர் நினைவோடிருக்கும்போதே அழைப்போமாக!