சுண்ணாம்பு பூசிய கேலிச்சித்திரங்கள்

சென்ற இதழில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஸ்டூவர்ட்டின் படையைத் திண்டுக்கல் மலைக்கு எதிரே நிறுத்தியிருந்தோம். 1790 ஆகஸ்ட். பீரங்கிகள் கோட்டையைக் குறிபார்த்து நிற்கின்றன. கோட்டை விழுந்த கதைக்குப் போகுமுன் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் மைசூர்ப் போரைப் பற்றிய தளபதிகளின் கடிதங்களையெல்லாம் விட இந்த ஒற்றைப் படத்தையே நான் அதிகம் நம்புகிறேன்.

1791 டிசம்பரில் லண்டனில் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணியின் அச்சுப்படக் கடையில் வெளியானது அது. வரைந்தவர் ஜேம்ஸ் கில்ரே. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சுவர்மேல் மைசூர்ச் சுல்தான் திப்பு நிற்கிறார். கீழே கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு தப்பி ஓடுகிறார். சுல்தான் மேலிருந்தபடியே அவர்மீது சிறுநீர் கழிக்கிறார். படத்தின் தலைப்பு, பருவமழை வந்துவிட்டது என்று சொல்கிறது!

அந்த மழைக்குக் காரணம் இருந்தது. 1791 மே மாதம் அரிகெரேயில் திப்புவின் படையைத் தோற்கடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய்விட்டார் காரன்வாலிஸ். ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. வண்டி மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தானியம் தீர்ந்தது. கோட்டையை இடிக்க மலையும் காடும் கடந்து இழுத்துவந்த பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்த அதே காரன்வாலிஸ்தான் இவர். ஊரார் அதை மறந்திருக்கவில்லை. மழையால் ஏற்பட்ட பின்வாங்கல் என்று அதிகாரிகள் எழுதிய விளக்கத்தை கில்ரே எடுத்து, அந்த மழையை எங்கிருந்து பெய்ய வைத்தார் பாருங்கள். ஒரு பேரரசின் தலைமை அதிகாரியை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர் நாட்டுக்காரனே இப்படி வரைந்தான். அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன்.

கில்ரே திப்புவின் நண்பரல்ல. இந்தப் போர் எதற்கு, இதற்குச் செலவென்ன என்று பார்லிமெண்டில் எதிர்க்கட்சியினர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. உள்ளூர்ச் சண்டைக்கு நம் சுல்தான் ஓர் ஆயுதமாகக் கிடைத்தார், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் படத்தில் திப்பு நிமிர்ந்து நிற்கிறார். ஆங்கிலேயர் வரைந்த வேறு எந்தப் படத்தில் அவருக்கு அந்த நிமிர்வு கிடைத்தது?

மறு ஆண்டே காட்சி மாறியது. 1792 பிப்ரவரியில் திப்புவின் இரு சிறு பிள்ளைகள் பிணையாகக் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். உடனே எண்ணெய் ஓவியர்கள் கிளம்பிவிட்டார்கள். ராபர்ட் ஹோம் படையோடு வந்தவர், நேரில் கண்டவர். மேதர் பிரவுனோ இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லண்டனில் உட்கார்ந்துகொண்டே அந்தப் பிள்ளைகளையும் அந்தப்புரத்தையும் தீட்டினார். இந்த ஓவியங்களில் காரன்வாலிஸ் கருணையே உருவான தந்தை. பெற்றவரிடமிருந்து பிள்ளைகளைப் பறித்த செயல், பார்ப்பவரின் கண்ணைக் கசியவைக்கும் பாசக் காட்சியாகிவிட்டது. பிரசாரம் என்றால் இதுதான். கில்ரேயின் படத்தில் அசிங்கம் இருந்தது, பொய் இல்லை. இவற்றில் அழகு இருக்கிறது, உண்மை இல்லை.

எதிர்ப்பக்கத்தில் திப்பு சும்மா இருந்தாரா? ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெரிய வீதியில் வீட்டுச் சுவர்களிலெல்லாம் ஆங்கிலேயரைக் கேலி செய்யும் முழு உருவப் படங்களைத் தீட்ட உத்தரவிட்டிருந்தார். மார்க் வில்க்ஸ் என்ற கம்பெனி அதிகாரி தன் மைசூர் வரலாற்றில் இவற்றை விவரிக்கிறார். ஒன்றில் நடுங்கும் வெள்ளைக்காரனைப் புலி கவ்வுகிறது. இன்னொன்றில் குதிரை வீரன் ஒரே வீச்சில் இரண்டு வெள்ளைத் தலைகளைச் சீவுகிறான். மூன்றாவதுதான் நம் சீமைக்கு நெருக்கமானது. ஆற்காட்டு நவாப் முகமது அலியை இடுப்பில் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்திருக்கிறான். நவாப் அவன் காலடியில் விழ, அவன் ஒரு காலைத் தூக்கி நவாபின் கழுத்தில் வைக்கிறான்.

கர்நாடகப் பகுதியின் அரை நூற்றாண்டு அரசியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கம்பெனிக்கும் அதன் அதிகாரிகளுக்கும் பட்ட கடனுக்காக நாட்டின் வரியையே எழுதிக்கொடுத்தவர் முகமது அலி. தெற்கே பாளையக்காரர்கள்மீது கம்பெனிப் பட்டாளம் பாய்ந்ததெல்லாம் அவர் பெயரில்தான். இந்தத் தொடரில் எனக்கு ஒரு வில்லன் உண்டென்றால் அது காரன்வாலிஸ் கூட இல்லை, இந்த நவாப்தான்.

மிச்சப் படங்களை வில்க்ஸ் விவரிக்கவில்லை. கண்ணியமான எழுத்தில் அவற்றுக்கு இடமில்லை என்று நிறுத்திக்கொண்டார். கில்ரேயின் படத்தைக் கடைச் சன்னலில் வைத்து விற்ற தேசத்தின் எழுத்தாளர் அவர்!

1791 மே மாதம் காரன்வாலிஸின் படை நெருங்குவதைக் கண்டதும் அந்தச் சுவர்ப்படங்களை அழித்துச் சுண்ணாம்பு பூச உத்தரவிட்டார் திப்பு. அதே நாட்களில் எஞ்சியிருந்த ஆங்கிலேயக் கைதிகள் சிலர் கொல்லப்பட்டார்கள் என்றும் வில்க்ஸ் எழுதுகிறார். எதிரி எழுதியது என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. திப்புவைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சுண்ணாம்பு என்னை வேறுவிதமாக வருத்துகிறது. வீதியில் போகிற சாதாரணக் குடிமகன் பார்ப்பதற்கென்று வரைந்த அரசியல் கேலி அது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 1780இல் நடந்த பொள்ளிலூர்ப் போரின் சுவரோவியம், கர்னல் பெய்லி பல்லக்கில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைக் காட்டுவது, தரியா தௌலத் மாளிகையில் இன்றும் இருக்கிறது. பின்னாளில் டல்ஹவுசி பிரபுவே அதை மறுபடி தீட்டச் சொன்னார். அது அரண்மனைச் சொத்து, பிழைத்துக்கொண்டது. வீதிப் படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றை வரைந்த கைகளின் பெயரும் இல்லை. கில்ரேயின் தாள்கள் மட்டும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

1799இல் திப்பு மாண்டபோது தாமஸ் ரோலண்ட்சன் வரைந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீரமரணத்தை அவர் வரையவில்லை. வென்ற சிப்பாய்கள் அந்தப்புரத்துப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போவதை வரைந்தார். வெற்றியின் நாற்றத்தை முகர்ந்தவன் ஓர் ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரன்தான்.

திண்டுக்கல்லுக்கு வருவோம். 1755இல் திப்புவின் தந்தை ஹைதர் அலி பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக வந்து, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஆயுதசாலை அமைத்துத் தன் பலத்தைத் திரட்டிய ஊர் இது. அந்த ஊர்க் கோட்டையைத்தான் ஸ்டூவர்ட் இரண்டு நாள் சுட்டார். சுவரில் விழுந்த உடைப்பு சிறியது. அதன் வழியே ஏறிய கம்பெனிச் சிப்பாய்களைக் காவல்படை அடித்து விரட்டியது. ஆனால் மறுநாள் காலையிலேயே கோட்டை சரணடைந்தது. அடுத்த மாதமே அலெக்சாண்டர் மெக்லியோட் கலெக்டராக வந்து உட்கார்ந்தார். 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முழுதாகக் கம்பெனிக்குப் போனது. வென்ற காவல்படை ஒரே இரவில் ஏன் மனம் மாறியது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.