ஒளியால் எழுதியவர்கள்

இருளில் கொள்ளிக்கட்டையொன்றைச் சுழற்றினால் நெருப்பு வட்டமொன்று தோன்றும். அதனைக் கொள்ளிவட்டம் என்றனர் நம் முன்னோர். தோற்றத்திற்கும் மெய்ம்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, கௌடபாதர் தமது மாண்டூக்கிய காரிகையில் இதனையே உவமையாக எடுத்தாண்டார். கை ஓய்ந்ததும் வட்டம் மறைந்துவிடும். மறையும் அவ்வட்டத்தைப் படத்தில் நிலைநிறுத்தும் கலையே ஒளி ஓவியம்.

அதன் செயல்முறை எளிது. இருட்டறையில் கமராவை அசையாது நிறுத்தி, ஒளி புகும் வழியைச் சில விநாடிகள் திறந்து வைப்பர். அதன் முன்னே ஒருவர் சிறு விளக்கொன்றை அசைத்துக் காற்றில் வரைவார். விளக்குச் சென்ற வழி கோடாகப் பதியும். வரைந்தவர் இருளில் மறைந்திருப்பார்.

1889 இல் பிரான்சில் எத்தியென் ஜூல் மாரேயும் ஜோர்ஜ் டெமனியும், மனிதரின் நடையை ஆராயும் பொருட்டு உடலில் மின்குமிழ்களைப் பொருத்திப் படமெடுத்தனர். அறிவியலுக்கெனப் பிறந்த இம்முறையை 1935 இல் கலையாக்கினார் மேன் ரே. கமராவின் முன் நின்று அவர் ஒளியால் இட்ட சுழிகள் வெறுங் கிறுக்கல்களாகவே தோன்றின. 2009 இல் எலன் கேரி என்ற படக்கலைஞர் அப்படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். அது மேன் ரேயின் கையொப்பம்! எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர் எல்லோர் கண்முன்னும் வாசிப்பாரின்றி இருந்தது.

அல்பேனியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜோன் மிலி, 1949 இல் ஓவியர் பிக்காசோவைச் சந்தித்தார். பனிச்சறுக்குக் காலணிகளில் விளக்குப் பொருத்தித் தாம் எடுத்த படங்களைக் காட்டினார். பிக்காசோவும் மின்விளக்கொன்றை ஏந்தி இருளில் வரையலானார். மறுகணமே காற்றில் கரைந்த அவ்வோவியங்கள் மிலியின் படங்களில் மட்டுமே வாழ்கின்றன.

நம் இலங்கைத் தீவிலும் ஒளியை ஆண்ட கலைஞர் ஒருவர் இருந்தார். 1900 இல் கொழும்பிற் பிறந்த லயனல் வென்ட், இலண்டனிற் சட்டமும் பியானோ இசையும் கற்றவர். விளக்கேந்தி வரைவது அவர் வழியன்று. ஒளியுணர் தாளிற் பொருள்களை வைத்துக் கமராவின்றியே படமாக்குதல், படம் கழுவும் வேளையில் மீண்டும் ஒளிபடச் செய்து உருவின் விளிம்பிற் கோடெழச் செய்தல் முதலிய, மேன் ரே கையாண்ட நுட்பங்களை அவரும் கையாண்டார். 1938 இல் இலண்டனில் அவரது படக்காட்சி நடைபெற்றது. 1944 இல் அவர் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அச்சிட்ட படங்களும், 1950 இல் நண்பர்கள் தொகுத்து வெளியிட்ட நூலுமே. அவற்றாலேயே வென்ட் இன்றும் அறியப்படுகிறார்.

இவ்வரலாறு நமக்கும் உரியது. ஊரைவிட்டுப் புறப்பட்டபோது பெட்டிக்குள் வைத்து வந்த ஓரிரு படங்களே நம்மிற் பலருக்கு எஞ்சிய குடும்பச் சொத்து. ஃபாரஸ்ட் கேட் வீடொன்றின் ஈரச்சுவரில் அவற்றுள் ஒன்று தனித்துத் தொங்கினால், அதன் ஆயுள் அச்சுவரைப் பொறுத்ததாகிவிடும். ஆகவே பிரதியெடுங்கள், பாரிசிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினருக்கு ஒவ்வொன்று அனுப்புங்கள். பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவையுங்கள். படத்தில் இருப்பவர் யாரெனச் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும்.